பிழையான பக்கம்

பதினேழு பேர் வேண்டும்.
கொழும்பில் பதினேழு பேருக்கு எங்கே போவது?
கடற்படை வாத்தியக் குழுவிலிருந்து மூன்று ட்ரொம்போன்,
லீவுக் கடிதத்தோடு.
கல்யாண வீட்டு பைலாக் குழுவிலிருந்து பேஸ் கிற்றார்.
கொங்காவுக்குக் கொம்பனித்தெரு துவான் ஜுனைதீன்.
நான் நான்காவது ட்ரம்பெட்:
பகலில் துறைமுகத்தில் கொள்கலன் கணக்கு,
இரவில் நீண்ட மௌனம், இடைக்கிடை ஓர் அலறல்.

மொரிஸ் அசரப்பாவுக்கு எண்பத்தொரு வயது.
இடுப்பில் உருக்கு, காதில் மெஷின்,
சட்டைப் பையில் இரண்டு குச்சிகள்.
தெஹிவளை ஸ்டூடியோவுக்கு பஸ்ஸில்தான் வருவார்.

முதல்நாள் சொன்னது இவ்வளவுதான்:
"இதை எழுபத்திரண்டில் எழுதினேன்.
ஐம்பது வருஷமாகப் பிழையாக வாசித்தோம்.
குச்சி மூன்று தட்டுகிற இடத்தில்
என்ர பித்தளை இரண்டென்று நிக்குது.
ஹவானாவில் கேட்டால் நாய்கூடக் கோபிக்கும்.
திருத்திப்போட்டுத்தான் சாவன்."

தட்டிக் காட்டினார்.
தக். தக். தக்.
தக் தக்.
ஐந்தே ஐந்து தட்டு.

ஐப்பசி மழை. கொங்காத் தோல் தளர்ந்து
ஈரத் துவாயை அடித்த மாதிரிச் சத்தம்.
ஜுனைதீன் அதைத் தூக்கிக்கொண்டு
கீழே கொத்துரொட்டிக் கடைக்குப் போனார்.
கல்லின் சூட்டில் காட்டிக் கொண்டுவந்தபோது
அதில் முட்டை வாசம்.
பின்னாலேயே வந்த கொத்துக்காரப் பெடியன்
கதவடியில் நின்றான், தகடு இரண்டும் கையில்.
மொரிஸ் அவனைப் பார்த்தார். தகடுகளைப் பார்த்தார்.
"ஐயோ, வேண்டாம்," என்றேன் நான்.

மூன்றாம் இரவு ஷெரீன்
பியானோ மூடியைச் சாத்திவிட்டு அழுதாள்:
"கை சரியாப் போகுது,
உடம்பு பழைய பக்கம் இழுக்குது."
எங்கள் எல்லோருக்கும் அதேதான்.
பிழை முழங்காலில் குடியிருந்தது.

ஆறாம் இரவு, பதினோராம் தடவை,
பாணந்துறை ரயில் போய் முடிந்த கையோடு
வந்தது.
ஐந்து சாக்ஸபோனும் குச்சியின் முதுகில் ஏறி நடந்தன.
கண்ணாடிக்கு அப்பால் தினேந்திர பெருவிரலை உயர்த்தினான்.
மொரிஸ் காது மெஷினைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்.
"சரி," என்றார்.
சரியாகத்தான் இருந்தது.
ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை.

அப்போதுதான் என் பையிலிருந்த கசெற்றை எடுத்தேன்.

எண்பத்தெட்டு. பத்து மணிக்கு ஊரடங்கு என்று
ஒன்பதரைக்கு அறிவித்த இரவு.
ஹோட்டலில் அகப்பட்ட நூற்றிருபது பேருக்கு
விடியும்வரை அவருடைய பேண்ட் வாசித்தது.
மூன்று மணிக்கு மேல்
யார் விருந்தாளி, யார் வெயிட்டர் என்று
எவரும் பார்க்கவில்லை.
அம்மா விருந்தாளி.
அப்பா தட்டேந்தியவர்.

ஓடவிட்டோம். இதே உருப்படி. பிழையான பக்கம்.
மரத் தரையில் செருப்புகள், குதிகள், வெறுங்கால்கள்.
இத்தனை பேரும் பிழையில் ஆடுகிறார்கள்,
ஒருவரும் இடறவில்லை.

மொரிஸ் இரண்டு தரம் கேட்டார்.
மூன்றாம் தரம் கேட்கவில்லை.
"நாளைக்கு இன்னொண்டு எடுப்பம்," என்றார்.
"பிழையாக."

ஏழாம் இரவு எங்களால் முடியவில்லை.
நாலு தடவை, ஐந்து தடவை.
எங்கு தொடங்கினாலும் முழங்கால்
சரியான பக்கமே போய் இறங்கியது.
கடற்படைக்காரர் மூவரும் சிரிக்கத் தொடங்கினார்கள்,
பிறகு ஷெரீன், பிறகு எல்லோரும்.
மொரிஸ் மட்டும் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு
கடைசி பஸ்ஸுக்கு நடந்தார்.

இசைத்தட்டு வந்துவிட்டது. ஒன்பது உருப்படி.
ஒன்பதாவது முடிந்து, கொஞ்சம் வெறுமை கழித்து,
நாற்பது விநாடி கசெற்றின் இரைச்சல்:
காலடிகள், எவரோ இருமுவது,
திடீரென்று ஒரு தட்டு விழுந்து உருளும் ஓசை.
"அது உன்ர அப்பா," என்றாள் அம்மா,
பாட்டை ஞாபகமில்லை என்று சொன்னவள்.

மொரிஸுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
"தெரியும், எண்ணிப் பாத்தனான்," என்றார்.
"அண்டைக்கு அந்தத் தட்டு ஒண்டுதான்
சரியான இடத்தில விழுந்தது."